கெத்தும் இலை வாசம்

பக்கத்து வீட்டில் யாரோ வலிக்குக் கெத்தும் மரத்து இலையைக் காய்ச்சுகிறார்கள். அந்தக் கசப்பு வாசம் ஜன்னல் வழியே வந்ததும், பிறைத் துறைமுகத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிய அப்பா நினைவில் வந்துவிட்டார்.

வேலை விட்டுக் கூனிக்கொண்டு வருவார். அந்த இலை காய்ச்சிய தண்ணீரை மடமடவென்று குடித்தால் நிமிர்ந்துவிடுவார்; என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பசாருக்குப் போவார். அதனாலேயே எனக்கு அந்த இலை பிடிக்கும்.

இலை கிடைக்காத நாளில் சோறு இறங்காது. காலை உதறிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார்.

“முதுகு வலிக்குதா?” என்று ஒருநாள் அம்மா கேட்டார்.

“முதுகு இல்லலா, உடம்பு பூரா வலிக்குது.”

“அது வலி இல்லங்க. இலை கேக்குது.”

இன்று காலையிலிருந்து எனக்கும் முதுகு வலி விடவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். உட்கார முடியவில்லை. மறுபடியும் போய்த் திறந்தேன்.