கைபடாத தோட்டம்

மைசூருவில் ஒரு கல்லூரி. மகளைச் சேர்க்க வந்திருக்கும் நான், முதல்வர் கூப்பிடும்வரை வெளியே தோட்டத்தில் நிற்கிறேன். புல்தரையைப் பெயர்த்துவிட்டு, அதிகம் தண்ணீர் கேட்காத உள்ளூர்ச் செடிகளையே நட்டிருக்கிறார்கள். ஆவாரை மஞ்சளாகப் பூத்திருக்கிறது. வேலிக்கம்பி முழுக்கப் பிரண்டை. சென்னையில் இதற்காக நான் அலையாத கடை இல்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரு கொத்தை ஒடித்துக் கைப்பையில் திணிக்கிறேன்.

"அக்கா, அங்க ஒடிக்காதீங்க."

காவலுக்கு நிற்கும் பெண். மகளின் சீட்டு போயிற்று என்று நினைக்கிறேன்.

"தமிழா?" என்று அசடு வழிகிறேன்.

"ஹனூருங்க, தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். அது முத்தலு, நார்நாரா வரும். இந்தப் பக்கம் வாங்க, இளசாக் கெடக்குது."

"யாராவது பார்த்தால்?"

"பாத்தா என்னுங்க? இங்க வேலை பாக்கறவங்க வூட்டுல எல்லாம் இந்தத் தொவையல்தான்."

பை நிறையும்போது அழைப்பு வருகிறது. முதல்வர் ஜன்னல் வழியே தோட்டத்தைக் காட்டுகிறார். நட்டதிலிருந்து ஒருமுறைகூடக் கத்தரித்ததில்லையாம். இந்த மண்ணின் செடிகள் அளவோடுதான் வளருமாம். ஓர் இலையைக்கூட யாரையும் தொட விடுவதில்லையாம்.

பிரண்டைச் சாறு பட்ட உள்ளங்கை எனக்கு அரிக்கத் தொடங்குகிறது. மேசைக்கடியில் மறைத்துச் சொறிந்துகொள்கிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம், பேச்சை நிறுத்தாமலே, முதல்வரும் தம் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்.