சங்கு ஊதிய சனிக்கிழமை

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள்.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்களை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டபெட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த ஃபேக்டரியில் மூன்று ஷிப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது, பிறகு ஒரு நாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கொழுந்தை வாங்க ஆளில்லாமல் பலர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். கிளை வெட்டிக் கவாத்து செய்யாத தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து காடாகிவிட்டது. என் மனைவி மேரி பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனாள். மாதம் ஒரு முறைதான் வருவாள். எட்டு வயது எஸ்தரும் ஐந்து வயது கிருபாவும் என் பொறுப்பு. சோறு ஒரு மாதிரி வடித்துவிடுவேன். சடை பின்னத்தான் கடைசி வரை வரவில்லை.

ஃபேக்டரியில் ஒரு சங்கு உண்டு. கையால் சுற்றுகிற பழைய இரும்புச் சங்கு. ஷிப்ட் முடிந்தால் வாட்ச்மேன் செல்லையா அண்ணன் அதைச் சுற்றுவார். மலை முழுக்கக் கேட்கும். அடுத்த கால் மணி நேரத்தில் நான் வீட்டில் இருப்பேன். "சங்கு ஊதிருச்சு, அப்பா வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டு கிருபா வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள். நான் வரும்வரை யார் கூப்பிட்டாலும் நகர மாட்டாள்.

ஃபேக்டரி மூடியதும் இராத்திரி ஜெபத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லிக்கொடுத்தேன். "ஏசப்பா, சங்கு ஊதணும்." சங்கு ஊதினால் வேலை திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஒரு மாதம் ஜெபித்தோம், இரண்டு மாதம் ஜெபித்தோம். மூன்று மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வெறுத்துப்போயிற்று. ஜெபத்தை நிறுத்தினேன். ஆராதனைக்கும் வராமல் இருந்தேன். தேடி வந்த பாஸ்டரிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். கிருபா மட்டும் அந்த வரியை விடவில்லை. கேட்கக் கேட்க எனக்கு எரியும். ஒரு நாள், "போதும், படு" என்று அதட்டியே விட்டேன். அவள் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு முணுமுணுவென்று சொல்லி முடித்தாள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. லீவு நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். பழைய லாரி டியூபுக்குக் காற்றடித்து, கயிறு கட்டி, ஓடையில் மிதக்கவிட்டேன். முழங்கால் தண்ணீர்தான். எஸ்தர் அதில் உட்கார்ந்துகொண்டு கேப்டன் மாதிரி எனக்கு உத்தரவு போடுவாள். தோட்டத்துக்கு மேலே இருக்கும் புல்சரிவில் உரச்சாக்கைப் போட்டுச் சறுக்குவோம். சாக்கில் உட்கார்ந்து, முன் முனை இரண்டையும் இறுக்கிப் பிடித்து, காலால் ஓர் உந்து உந்தினால் போதும். நானும் சறுக்கினேன். இரண்டு பேண்ட் கிழிந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அந்த மாதங்களில் நான் சிரித்ததெல்லாம் அந்தச் சரிவில்தான்.

எஸ்தர் இதையெல்லாம் போனில் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, புள்ளைங்களோட சேந்து நீங்களும் சறுக்கறீங்களாமா? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பாக்கறது?" என்று மேரி கேட்டாள்.

"நான் ஒருத்தன் இருக்கறேன்ல" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அது நவம்பர் மாதம், சனிக்கிழமை. இரண்டு நாள் மழைக்குப் பிறகு பளிச்சென்று வெயில் அடித்தது. எலுமிச்சை சாதமும் அவித்த உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு மேலே போனோம். மூன்று மணி இருக்கும். எஸ்தரின் செருப்பு வார் அறுந்துவிட்டது. சரிவின் உச்சியில் குனிந்து அதை முடிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எங்களைச் சுற்றி வெள்ளையாக மூடியிருந்தது. நம் ஊர் மூடுபனி கேட்டுக்கொண்டா வரும்? பக்கத்தில் நின்ற கிருபாவைக் காணோம். அவள் சாக்கையும் காணோம்.

"தங்கச்சி அந்தப் பக்கமா சறுக்கிட்டாங்கப்பா" என்றாள் எஸ்தர்.

அந்தப் பக்கம் நாங்கள் ஒருநாளும் சறுக்கியதில்லை. கீழே கவாத்து செய்யாத தேயிலைக் காடு. காட்டெருமை படுக்கிற இடம். அதற்கும் கீழே பாறை, பாறைக்குக் கீழே பள்ளம். எஸ்தரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கூப்பிட்டேன், கத்தினேன். பதில் இல்லை. தேயிலைக்குள் நுழைந்ததும் நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. எஸ்தர் அழ ஆரம்பித்தாள். இவளையும் தொலைத்துவிடுவேன் என்று பயம் வந்தது.

நான்கு மாதமாக நான் பேசாமல் இருந்த தேவனிடம் அங்கேதான் பேசினேன். ஜெபம் என்று சொல்ல முடியாது. "ஆண்டவரே, வேலை வேண்டாம். ஒண்ணுமே வேண்டாம். புள்ளையக் குடுத்துருங்க." அவ்வளவுதான் வந்தது.

பக்கத்தில் மனிதர் இருக்கும் இடம் ஃபேக்டரி ஒன்றுதான். ஐந்து வயதுப் பிள்ளையை மலையில் விட்டுவிட்டு இறங்கி ஓடிய அந்தப் பத்து நிமிடத்தை என் விரோதிக்கும் கொடுக்க வேண்டாம் என்று இன்றும் ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன். பூட்டிய ஃபேக்டரிக்கும் காவல் உண்டே, செல்லையா அண்ணன் கேட்டில் இருந்தார். சிலோனிலிருந்து வந்தவர். நம் சபை இல்லை, முருக பக்தர். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"தம்பி, இந்தப் பனியில நீ ஒத்தையில தேடி ஆகாது. சனம் வேணும்."

எஸ்தரைத் தன் ஸ்டூலில் உட்கார வைத்தார். உள்ளே போய் அந்தச் சங்கைச் சுற்ற ஆரம்பித்தார். கைப்பிடி துருப்பிடித்திருந்தது. முதலில் முனகியது, பிறகு ஊதியது. ஏழு மாதம் கழித்து அந்தச் சத்தம் மலை முழுக்கப் போனது. ஆட்கள் வரும்வரை அவர் நிறுத்தவே இல்லை.

தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஆண்கள் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, முதுகில் கூடையோடு வந்தார்கள். முன்னால் வந்த, கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. முகம் எல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க, ஃபேக்டரி தொறந்துட்டாங்களாங்க?"

செல்லையா அண்ணன்தான், "தொறக்கல தாயி. தம்பியோட சின்ன மகளக் காணோம்" என்றார்.

அந்தச் சிரிப்பு அடங்கியதை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். பாக்கியம் அக்கா கூடையைக் கழற்றி கேட் ஓரம் வைத்தார். "நெரை புடிங்க" என்றார். கொழுந்து பறிக்கப் போவது போலவே ஆளுக்கு ஒரு நிரையாக, தேயிலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஏறினார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒருவர் குரல் கொடுத்தால் அடுத்தவர் குரல் கொடுப்பார். ஒரு செடியைக் கூட விடவில்லை.

அரைமணி நேரம் கழித்து பாக்கியம் அக்காவின் குரல் கேட்டது. "இங்க இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க."

தேயிலை முடிகிற இடத்தில் கிருபா சாக்கைப் போட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. அவளுக்கு முன்னால் நான்கு அடியில் பாறை முடிந்தது, அதற்கு அப்பால் பள்ளம். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"வழி தேடி நடந்துட்டே இருந்தேங்கப்பா" என்றாள். "அப்பறம் சங்கு ஊதுச்சு. அப்பா வந்துருவாருன்னு உக்காந்துட்டேன்."

சங்கு ஊதியிராவிட்டால் அவள் இன்னும் நான்கு அடி நடந்திருப்பாள்.

அன்று இராத்திரி படுக்கும்முன் எஸ்தர் ஜெபித்தாள். அடுத்தது கிருபா. வழக்கமான வரியைத்தான் சொல்வாள் என்று கண்ணை மூடியிருந்தேன். "ஏசப்பா, சங்கு ஊதுனதுக்குத் தேங்க்ஸ், ஆமென்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. ஏழு மாதமாக எதைக் கேட்டோமோ, அது அன்றைக்கு ஊதிவிட்டது. போர்வைக்குள் முணுமுணுத்த பிள்ளையின் ஜெபத்தைத் தேவன் கேட்டார். அதட்டி நிறுத்தப் பார்த்தவன் நான். விடியும்வரை அழுதேன்.

ஃபேக்டரி அதற்குப் பிறகும் திறக்கவில்லை. நான் இத்தலாரில் கேரட் தோட்டத்து வேலைக்குப் போனேன், மேரியும் திரும்பி வந்துவிட்டாள். மெஷின்களைப் பழைய இரும்புக்கு ஏற்றியபோது செல்லையா அண்ணன் அந்தச் சங்கை மட்டும் கேட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார். இன்றும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மலைக்கும் ஓடைக்கும் கூட்டிப் போகிறேன். மேரி முறைக்கத்தான் செய்கிறாள், ஆனால் சாதம் கட்டித் தருகிறாள். கிளம்பும்முன் பிள்ளைகளுக்கு ஒரே சட்டம்தான் சொல்வோம். வழி தப்பினால் நடக்காதே. சங்குச் சத்தம் கேட்டால் அங்கேயே உட்கார். இப்போது அந்தச் சங்கைச் சுற்றுவது கிருபா.

உங்களில் சிலர் பல மாதமாக ஒரே வரியை ஜெபித்து அலுத்திருப்பீர்கள். என்னைப் போல் விட்டுவிடாதீர்கள். வழி தெரியாவிட்டால் பதறி நடக்காமல் கிருபாவைப் போல் உட்கார்ந்துவிடுங்கள். நான் பனியில் தட்டுத்தடுமாறி வந்த சாதாரண அப்பன். எனக்கே என் பிள்ளை பள்ளத்துக்கு நான்கு அடி முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள்.