சம்பந்தியானதும் தோற்கத் தொடங்கியவன்

ரொறன்ரோவில் ஐஸ் ஹொக்கி பற்றிக் கதைக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். கூடைப்பந்து என்றால் பஸ் தரிப்பில் நிற்கிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஆனால் பிரித்தானியாவின் சூப்பர் மிடில்வெயிட் குத்துச்சண்டைக்காரர்களில் யார் பெரியவன் என்று கதைப்பதற்கு, எனக்குத் தெரிந்து, ஸ்காபரோ முழுவதிலும் மூன்று பேர்தான். மூவரும் ஒரே காரில் வேலைக்குப் போய்வந்தோம்.

கார் என் நண்பனுடையது. டோர்செட் பார்க்கில் அவனுடைய மாடிக்கட்டடத்துக்கு அடுத்ததில் நான் இருக்கிறேன். வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பண்டகசாலையில். நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் காலையில் வாகனங்கள் எப்படி நகரும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நெரிசலில் ஒன்றில் நித்திரை கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் சண்டை பிடிக்கவேண்டும். நாங்கள் சண்டை பிடித்தோம்.

அவனும் நானும் இளவயதில் லண்டனில் இருந்தவர்கள், ஒருவரையொருவர் அறியாமல். இரண்டு பேருக்கும் அங்கே வாய்த்தது ஒரே மாதிரியான வாழ்க்கை: ஒரு அறை, அதற்குள் அளவுக்கு மிஞ்சிய பெடியன்கள், ஒரு பழைய தொலைக்காட்சி. அதில் பார்த்த குத்துச்சண்டை எங்களை விடவேயில்லை. அதிலும் சூப்பர் மிடில்வெயிட். நூற்று அறுபத்தெட்டு இறாத்தலுக்கு மேற்படாதவர்களின் பிரிவு. பாரமானவர்களைப் போல இரண்டு குத்தில் கதை முடியாது, மெலிந்தவர்களைப் போல ஓடிக்கொண்டும் இருக்கமாட்டார்கள். நாங்களும் அப்போது அந்த நிறைக்குள்தான் இருந்தோம். இப்போது காரின் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் போகும்.

வீரர்களின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. எல்லாருக்கும் பட்டம் வைத்திருந்தோம். அவனுடைய ஆள் இடக்கையன். ஒருமுறைகூடத் தோற்காமல் கையுறையைக் கழற்றி வைத்தவன். என்னுடைய ஆள் இரும்புத்தாடை. கையைத் தாழ்த்திக்கொண்டு நிற்பான், வாங்குவான், வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுப்பான். தோற்றிருக்கிறான்தான். ஆனால் கடினமான ஆள் என்று யாரைக் காட்டினாலும் தட்டிக் கழிக்கமாட்டான்.

“தோக்கேல்லையடா, ஒருக்காலும் தோக்கேல்லை. இதுக்கு மேலை என்ன வேணும் உனக்கு?” என்று அவன் ஸ்டீயரிங்கில் தட்டுவான்.

“பரீட்சைக்கு வராதவனும் ஃபெயில் விடேல்லைத்தான் மச்சான்,” என்பேன் நான்.

பின் இருக்கையில் இருப்பவர் புத்தளத்துக்காரர், எங்களோடு வேலை செய்பவர். லண்டன் பக்கமே போகாதவர். குத்துச்சண்டையை எங்கள் காரில் ஏறித்தான் படித்தார். “படிக்காம என்ன செய்ய? ஓடுற கார்ல இருந்து குதிக்க ஏலுமா?” என்று கேட்பார். நடுவர் வேலை அவருக்கு. யாருடைய குரல் பெரிதோ அவருக்கே அந்தச் சுற்று என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டப்படி நான் நிறையச் சுற்றுகளை வென்றிருக்கிறேன்.

இப்படி இருக்கையில்தான் என் மகனும் அவனுடைய மகளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்ற செய்தி வந்தது. வழக்கம்போலக் கடைசியாகத் தகப்பன்மாருக்குத்தான் சொன்னார்கள். நான் துள்ளிக் குதிக்காத குறை. உலகத்தில் யாருக்கு இப்படி வாய்க்கும்? சண்டை பிடிக்கிற ஆளே சம்பந்தி! இனிச் சாகும்வரை கதைத்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

கலியாணப் பேச்சுக்கால் முடிந்த அடுத்த திங்கட்கிழமை கார் வந்து நின்றது. அவன் இறங்கிச் சுற்றிவந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

“வாங்கோ, இருங்கோ. சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டிருக்கு, கால் நீட்டலாம்.”

பகிடி விடுகிறான் என்று நினைத்து நானும் கால்மேல் கால் போட்டு அமர்ந்தேன். நெடுஞ்சாலை ஏறியதும் வழக்கமான முதல் குத்தை விட்டேன்.

“நேற்று யோசிச்சனான். உன்ரை இடக்கையன் இந்தக் காலத்திலை சண்டை பிடிச்சிருந்தால் நாலாம் சுற்றுத் தாண்டியிருக்கமாட்டான்.”

அவன் கண்ணாடியில் பின்னால் வரும் லொறியைப் பார்த்தான். பிறகு, “நீங்கள் சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்கு,” என்றான்.

பின் இருக்கையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

அன்றிலிருந்து அவன் தோற்கத் தொடங்கினான். எதைச் சொன்னாலும் தோற்றான். இரும்புத்தாடைதான் பெரியவனா? ஓம். இடக்கையன் குத்தவேயில்லை, அறைந்தவனா? ஓம், அப்படியும் சொல்லலாம். ஒருநாள் பொறுக்கமுடியாமல், கனடாக்காரன் ஒருவன்தான் பிரித்தானியாவின் மிகச் சிறந்த சூப்பர் மிடில்வெயிட் என்றேன். “இருக்கும்,” என்றான் பாவி. “இஞ்சத்தைக் குளிரிலை வளந்தவங்கள் பலசாலியள்தானே.”

பிறகு காரில் தேவகானங்கள் போடத் தொடங்கினான். நானும் மாதா கோவிலுக்குப் போகிற ஆள்தான். ஆனால் மிசிசாகா வரைக்கும் செபம் செய்துகொண்டு போனால், பண்டகசாலையில் இறங்கும்போது திருப்பலியை விட்டு வெளியே வருவதுபோலச் சாந்தமாக இருக்கிறது. அந்தச் சாந்தத்தோடு பெட்டி தூக்கமுடியாது.

வேலைத்தலத்தில் தேநீர் நேரத்தில் புத்தளத்துக்காரரிடம் அங்கலாய்த்தேன். “இந்த மனுசனுக்கு என்ன பிடிச்சிட்டுது?”

“உங்களுக்கு விளங்கலியா?” என்றார் அவர். “அவர் பொண்ணைப் பெத்தவர். உங்களோட வாய் காட்டி, நீங்க ஒருநாள் மனசுல வச்சிக்கிட்டா, அது அந்தப் பிள்ளைட தலையிலதானே விடியும்? அவர்ட மனிசியும் நல்லாச் சொல்லி வச்சிருப்பா. அவர் உங்களுக்குப் பயத்துல தோக்கல்ல. மகளுக்காகத் தோக்குறார்.”

என் வீட்டில் அப்படி நடக்காது என்பது எனக்குத் தெரியும். என் மனைவி அந்தப் பிள்ளைக்கு இப்போதே மகனைவிடப் பெரிய மீன்துண்டு வைக்கிறாள். ஆனால் அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நேரே சொல்லியே பார்த்தேன்.

“இஞ்சை பார் மச்சான், சம்பந்தம் வேறை, சண்டை வேறை. பழையபடி என்னோடை சண்டை பிடி.”

“ஓம் சம்மந்தி. நீங்கள் சொன்னால் பிடிக்கிறன்,” என்றான் பணிவாக.

பிடிக்கவில்லை.

கலியாண மண்டபம் யூனியன்வில்லுக்குக் கிட்ட. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டை ருசி பார்த்துத் தெரிவு செய்ய வரும்படி கூப்பிட்டிருந்தார்கள். நான், என் மனைவி, மகன், அந்தப் பக்கம் அவன், அவன் மனைவி, மகள், எல்லாரும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி இருந்தோம். அவன் கோட்டுப் போட்டிருந்தான். ருசி பார்ப்பதற்குக் கோட்டு! சின்னச் சின்னத் தட்டுகளில் ஒவ்வொன்றாக வந்தது. அவன் எதையும் வாயில் வைக்காமல், நான் எதை நல்லது என்கிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருடம் என்னோடு கத்திய மனிதன். இனி ஒவ்வொரு நத்தாருக்கும், ஒவ்வொரு பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கும் இப்படித்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கதிரை நுனியில் இருக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

அந்தக் கவலையில், யோசித்துச் செய்ததல்ல, அவனைச் சந்தோசப்படுத்தவாவது செய்வோம் என்று அவனுடைய ஆளைப் புகழ்ந்தேன். பெண்கள் பக்கம் திரும்பி, “எங்கடை சம்மந்திக்குப் பிடிச்ச ஒரு குத்துச்சண்டைக்காரன் இருக்கிறான். நானும் இப்பதான் விளங்கிக்கொண்டன், அவன்தான் பெரியவன். என்ன ஒரு வலது கை! அந்த ஒரு குத்துக்காகவே...”

“எந்தக் கை?” என்றான் அவன்.

“வலது கை. இடி மாதிரி. ஒரு குத்திலை ஆள் விழுந்திடுவான்,” என்றேன், என்னுடைய ஆளின் கையை அவனுடைய ஆளுக்குக் கொடுத்துவிட்டதை உணராமல்.

அவனுடைய கழுத்து நரம்பு எழும்பியதைக் கண்டேன். இழிவாகச் சொன்னபோது பொறுத்துக்கொண்ட மனிதனால் பிழையான புகழ்ச்சியைப் பொறுக்க முடியவில்லை.

“டேய், மடையா!” என்று மேசையில் ஓங்கிக் குத்தினான். கட்லட் ஒன்று தட்டை விட்டு உருண்டது. “அவன் இடக்கையனடா! இத்தனை வருசம் என்னத்தையடா கேட்டனீ? அவன் ஒரு குத்திலை ஆரையும் விழுத்த நினைக்கேல்லை. மழை மாதிரிக் குத்துவான், எண்ண ஏலாது. எதிரிக்கு மூச்சு விட நேரம் குடுக்கான். உன்ரை வலது கையும் மண்ணாங்கட்டியும்!”

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் கரண்டியைக் கையில் பிடித்தபடி திரும்பியது. அவன் மனைவி முகம் வெளுத்து, “என்னப்பா இது, சம்மந்தியைப் போய்...” என்றார். அவன் மகளைப் பார்த்தான். கை மேசையை விட்டு மடிக்கு இறங்கியது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ சம்மந்தி,” என்றான். குரல் பழையபடி சுருங்கத் தொடங்கிவிட்டது.

பரவாயில்லை என்று நான் பெருந்தன்மை காட்டினால் அவன் அதோடு போய்விடுவான், பிறகு ஒருநாளும் திரும்பி வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

“என்னடா மன்னிப்பு?” என்று நானும் மேசையில் குத்தினேன். “மழை மாதிரியோ? தூறல் எண்டு சொல்லு. நனையவும் காணாது. உன்ரை ஆள் குத்தினவனில்லை, தடவினவன்!”

என் மகன் பதறிப்போய், “அப்பா, ஆர் யூ கைஸ் சீரியஸ்லி ஃபைட்டிங்?” என்றான். அந்தப் பிள்ளை மகனுடைய கையைப் பிடித்து இருத்தியது. “விடுங்கோ,” என்றது சிரித்துக்கொண்டு. “அப்பா இப்பதான் மூச்சு விடுறார்.”

அவன் மகளை ஒருமுறை பார்த்தான். பிறகு என் மனைவியைப் பார்த்தான். அவள் உருண்ட கட்லட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “எனக்கு இதிலை ஒரு பக்கமும் இல்லை அண்ணை. நல்லாக் குடுங்கோ இந்த மனுசனுக்கு,” என்றாள்.

அவன் மெதுவாக எழும்பினான். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். வலது காலை முன்னுக்கு வைத்து, இடது கையை நாடியோடு அணைத்துக்கொண்டு நின்றான். வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது.

“எழும்படா,” என்றான். “எப்பிடித் தடவினவன் எண்டு காட்டுறன்.”

நான் எழும்பினேன். அடுத்த தட்டோடு வந்த மண்டபத்துப் பெண் எங்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“நீங்கள் இஞ்சாலை கொண்டு வாங்கோ பிள்ளை,” என்று என் மனைவி அவளைக் கூப்பிட்டுவிட்டு, அவன் மனைவியின் பக்கம் திரும்பினாள். “அக்கா, நாங்கள் தெரிவு செய்வம். இவையின்ரை சண்டை முடியச் சுணங்கும்.”