மடி கொடுக்க மறுத்த தாய்மாமன்

அடையாறில் என் மகன் வேலனின் பயிற்சி வகுப்பு முடிவதற்காக வாசலில் காத்திருந்தபோதுதான் அண்ணனின் கடையிலிருந்து போன் வந்தது. விற்பனையில் நிற்கும் மாரியப்பன் பேசினார். "அக்கா, அண்ணாச்சி கல்லாவுல உக்காந்த மேனிக்கே சாஞ்சிட்டாவ. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். உசிரு இல்லன்னுட்டாங்க." வகுப்பு முடிந்து வந்த வேலன் என் கைப்பையைப் பிடித்து இழுத்தான். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் "மாமா" என்று மட்டும் சொன்னேன். அவன் உடனே தி. நகர் பஸ் நிற்கும் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

என் அண்ணன் முத்து அண்ணாச்சியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தி. நகரில் பிளவுஸ் துணியும் உள்பாவாடையும் ஃபால்ஸும் விற்கும் சின்னக் கடை அவருடையது. நிறம் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு கேட்டாலும் வெட்டித் தர மாட்டார். "இது அந்தச் சேலைக்குச் சேராது தாயி, வேற கடையில பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கோபக்காரர், பிடிவாதக்காரர் என்று இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பிடிவாதத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளை என் மகன்.

வேலனுக்கு ஆட்டிசம் உண்டு. பேச்சு வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் காதில் சளி கட்டிச் சீழ் பிடிக்கும். மருந்து கொடுத்தால் அடங்கும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை என்ன செய்வான்? காதில் அறைந்துகொள்வான், சுவரில் தலையை மோதுவான், சோற்றைத் தள்ளிவிடுவான். பள்ளியில் கேட்டால், "இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தாம்மா செய்வாங்க" என்றார்கள். ஒரு மருத்துவமனையிலும் அதையே சொன்னார்கள். ஆளுக்கொரு பக்கமாக அவனை அமுக்கிப் பிடித்துக் காதுக்குள் பார்க்க முயன்றார்கள். அவன் திமிறியதில் பார்க்க முடியவில்லை. பிறகு தூக்க மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டை அண்ணனிடம் காட்டியபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வலிச்சா அவன் வேற எப்படிட்டி சொல்லுவான்? காதைத்தான அடிக்கான், காலையா அடிக்கான்?" என்று கேட்டார்.

அண்ணன் எல்லாம் தெரிந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் அவன் காதில் ஊற்றிய புண்ணியவானும் அவர்தான். பின்னால் காது டாக்டரிடம் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டு, "இனிமே புள்ளை காதுல எவனாவது எண்ணெய் ஊத்துனா கையை ஒடிச்சுப் போடுவேன்" என்று மிரட்டினார். ஊற்றியதே அவர்தான் என்று நினைவுபடுத்தினால், "அதனாலதாம்லா சொல்லுதேன்" என்பார்.

எல்லாரும் நினைவில் வைத்திருப்பது காதுகுத்து நாளைத்தான். உடம்பு சரியில்லை என்று தள்ளித் தள்ளிப் போன சடங்கு அது. காது குத்தினால் காதுநோவும் தீரும், பேச்சும் வந்துவிடும் என்று என் மாமனாரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். கே.கே. நகரில் மண்டபம் பிடித்து, ஊரிலிருந்து சொந்தக்காரர்களை வரவழைத்து, ஆட்டுக்கறி விருந்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணன் பட்டு வேட்டி கட்டி, தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து, தங்கக் கம்மலையும் வைத்துவிட்டு மணையில் உட்கார்ந்தார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேலனைத் தூக்கி மடியில் வைத்தேன். அவன் வீறிட்டு அழுதபடி அண்ணனின் தோளில் தலையை முட்டினான். சமாதானப்படுத்தக் கன்னத்தைத் தடவிய அண்ணன் தன் கையை முகர்ந்து பார்த்தார். காதிலிருந்து சீழ் வழிந்திருந்தது. பிள்ளையை அணைத்தபடியே எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னைக்குக் காது குத்தக் கூடாது" என்றார்.

"நல்ல நேரம் போயிரும் முத்து, உக்காரு" என்றார் என் மாமனார்.

"புள்ளைக்கு நல்ல நேரமா இது? சீழ் வடியுது மாமா. நான் மடி தர மாட்டேன்."

கூட்டத்தில் யாரோ, ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் இருக்கிறாரே, அவர் மடியில் வைக்கலாமே என்று யோசனை சொன்னார்கள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, "நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கையில எவன் மடியில வைப்பிய? வைங்க பாப்போம்" என்றார். ஒருவரும் அசையவில்லை. "சீர் எல்லாம் ஒங்களுக்கு. மருமவன் எனக்கு" என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியோடு வாசலுக்கு நடந்து ஆட்டோவை நிறுத்தினார். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடி ஏறிக்கொண்டேன். காது குத்தாத காதுகுத்துக்கு வந்தவர்கள் விருந்தை மட்டும் குறையில்லாமல் முடித்துவிட்டுப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மயிலாப்பூரில் ஒரு பெண் டாக்டர் பிள்ளைகளிடம் பொறுமையாக இருப்பார் என்று கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் சொல்லியிருந்தார். அங்கேதான் போனோம். அழுது களைத்த வேலன் ஆட்டோவிலேயே அண்ணன் மடியில் தூங்கிவிட்டிருந்தான். நான் அவனைப் பிடித்துக்கொள்ளப் போனபோது டாக்டர் தடுத்தார். "வேண்டாம், யாரும் கொழந்தைய அமுக்கப்படாது. மாமா அப்படியே மடியில வெச்சுண்டு ஒக்காரட்டும், நான் குனிஞ்சு பாத்துக்கறேன்." பார்த்துவிட்டு நிமிர்ந்தார். செவிப்பறை கிழிந்திருந்தது. "எத்தன நாளா இந்த வலியோட இருந்தானோ, பாவம்" என்றார். நான் அழுதேன். அண்ணன் அழவில்லை. என் மகன் பொய்யாக அடம்பிடிக்கவில்லை என்று சொன்ன முதல் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முழித்திருக்கும்போதும் காதைக் காட்ட அவனைப் பழக்க வேண்டும், சின்ன டார்ச் வைத்து விளையாட்டாக ஆரம்பியுங்கள் என்றார் டாக்டர். மதியம் கூட்டம் குறைந்ததும் கடையில் வகுப்பு நடக்கும். முதலில் அண்ணன் காது, அடுத்து மாரியப்பன் காது, பிறகு துணி எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் யாராவது சிரித்துவிட்டால் அவர்கள் காதும். வேலன் டார்ச் அடித்து ஒவ்வொரு காதாக எட்டிப் பார்ப்பான். கடைசியில் ஒரு நாள் அவனாகவே மடியில் ஏறி டார்ச்சை அண்ணன் கையில் கொடுத்தான். அன்று கடைக்குள் வந்த எல்லாருக்கும் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

கிழிந்த இடம் ஆறிய பிறகும் உள்ளே நீர் கட்டிக்கொண்டே இருந்தது. அதை வடிக்க இரண்டு காதிலும் சின்னக் குழாய் வைக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் அன்று மயக்கம் கொடுக்கும் வரை தானும் உள்ளே வருவேன் என்று அண்ணன் நின்றார். "இன்னா சார் நீ, வேட்டியோட உள்ள வர்றேன்ற? டாக்டர் பாத்தா என்னத்தான் கேப்பாங்க" என்று நர்ஸ் பதறினார். "பச்சைச் சட்டை குடு தாயி, மாட்டுதேன். அவன் தூங்குற வரைக்கும் எம் மடியிலதான் இருப்பான்." டாக்டரும் சம்மதித்தார். வேலன் தூங்கியதும் வெளியே வந்த அண்ணன், அந்தப் பச்சைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் குலுங்கி அழுதார்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. சீழ் பிடிப்பது குறைந்தது, நிற்கவில்லை. பேச்சு வரவில்லை. ஆனால் என் மகன் இரவில் தூங்கினான், சாப்பிட்டான், சுவரில் முட்டுவதை விட்டான். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "ஆபரேசன் பண்ணியும் பேச்சு வரலையே முத்து" என்று உச்சுக்கொட்டினார். இலையில் கை வைத்திருந்த அண்ணன் நிமிர்ந்தார். "பேச்சுக்கா பண்ணுனோம்? வலிக்குப் பண்ணுனோம். எம் மருமவன் பேசாம இருந்துட்டுப் போறான். வலியில்லாம இருக்கட்டும். ஒமக்கென்ன வே?" என் வாழ்நாளில் இதைவிடத் தெளிவான ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

இறுதி ஊர்வலத்தன்று வேலனுக்கு இடது காது மறுபடியும் கசிந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் தாங்க மாட்டான், காதில் பஞ்சுகூட வைக்க விடமாட்டான். பக்கத்து வீட்டில் அவனை விட்டுவிடு என்றார்கள். வாசலில் மேளக்காரர்கள் வந்து நின்றார்கள். நான் போய் மேளம் வேண்டாம் என்றேன்.

"மேளம் இல்லாமத் தூக்க முத்து என்ன நாதியத்தவனாட்டி?" என்று பெரியப்பா கத்தினார்.

"நாதி இருக்கதாலதான் வேண்டாங்கேன் பெரியப்பா. மருமவன் கூட நடக்க வேண்டாமா?"

உள்ளேயிருந்து அண்ணன் மனைவி, என் மதினியின் குரல் வந்தது. "அவ சொல்றபடியே செய்யுங்க. அவிய இருந்தா அடிக்கிற கையைப் புடிச்சிருப்பாவ."

மேளக்காரர்களில் மூத்தவர் என்னிடம் கேட்டார். "இன்னாம்மா, பெரிய மனுசன கெத்தா அனுப்ப வேணாமா?" நான் வேலனைக் காட்டினேன். அவன் காதைப் பார்த்தார். "புள்ளைக்கு நோவுதா? அப்ப அடிக்க மாட்டோம்மா. சும்மா திரும்பியும் போவ மாட்டோம். முன்னால நடக்குறோம், அதான் மருவாதி."

குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு, மேளங்களைச் சத்தமில்லாமல் சுமந்தபடி அவர்கள் முன்னால் நடந்தார்கள். வேலன் என் கையை விட்டுவிட்டுப் பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தெருமுனையில் வண்டியில் ஏற்றும்போதும் விடவில்லை. அவன் விரல்களைப் பிரிக்க வந்தவர்களை எட்டி நிற்கச் சொன்னேன். நேரமாகிறது என்று யார் யாரோ முணுமுணுத்தார்கள். அவனாக விடும் வரை அத்தனை பேரும் அந்த வெயிலில் நின்றார்கள். நான் நிறுத்தி வைத்தேன்.

போய் வாருங்கள் அண்ணே. இனிமேல் அவன் காதை நான் பார்க்கிறேன். குறை சொல்ல வருகிறவர்கள் என்னிடம் வரட்டும்.