சத்தம் நின்ற இடம்

கதவைத் திறந்தால் சித்தப்பா. கையில் ஒரே ஒரு பை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலையை விட்டு, வீட்டையும் விற்றுவிட்டு, அவரும் சித்தியும் மலைக்காட்டோரம் குடிபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

“அடடே, ஊர்சுத்தி! எப்ப வந்தே?” என்றார், ஒன்றும் நடக்காததுபோல.

“நான் வந்தது இருக்கட்டும். சித்தி எங்கே?”

“வரமாட்டேன்னுட்டா.”

உள்ளேயிருந்து அம்மா பதறிக்கொண்டு வந்தாள்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, கிரீஸ் கையோடு கவிதை எழுதியவர். எல்லாம் மூங்கில், பனி, மௌனம். ‘காடே, உன் அமைதியில் எனக்கொரு படுக்கை விரி’ என்று அவர் எழுதியதைப் படித்துத்தான் பள்ளி நாளிலேயே என் கால் வீட்டில் தரிக்காமல் போனது. சித்திக்கு அதெல்லாம் சிரிப்பு. “படுக்கையை விரிக்கும் சரி, சோறு யாரு வடிக்கிறதாம்?” என்பாள். அவரை நம்பி அரைமனதோடுதான் கிளம்பினாள்.

“என்ன, குளிர் ஒத்துக்கலையா?” என்றாள் அம்மா.

“இல்ல அண்ணி. அங்க சத்தமே இல்ல.”

“அதுக்குத்தானே சித்தப்பா ஆயுசு பூரா ஏங்கினீங்க?”

அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். “சத்தம் நின்னா எனக்கு என்ன அர்த்தம்? மோட்டார் நின்னுடுச்சு, உள்ள ஆள் மாட்டிக்கிச்சு. கண்ணை மூடினா போதும், டூல்ஸ் பையைத் தேடி எந்திரிச்சுடறேன். ஒருநாள் வாசலைத் தாண்டி மரத்துக்கிட்ட போய் நின்னு, ‘பயப்படாதீங்க, தோ வந்துட்டேன்’னு குரல் குடுத்திருக்கேன். உங்க ஓரகத்தி பின்னாடியே வந்து, ‘யாரைக் காப்பாத்தறீங்க, முயலையா?’ன்னு கேக்கறா.”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திக்குப் போன் போட்டேன். “என்ன சித்தி இது, அவரைத் தனியா அனுப்பிட்டே?”

“நான் எங்கடி அனுப்பினேன்? அவராத்தான் ஓடினாரு. எனக்கு இங்க வந்துதான் தூக்கம்னா என்னன்னே தெரிஞ்சுது. அடிச்சுப் போட்டாலும் திரும்ப மாட்டேன்.”

என் சித்தியா இப்படிப் பேசுகிறாள்?

அவளே தொடர்ந்தாள்: “கீழ ஓடையை ஒட்டி ஒரு வீடு காலியா இருக்காம். சளசளன்னு ஒரே சத்தம், யாரும் குடிவரலையாம். பேசி வச்சிருக்கேன். அவர்கிட்ட சொல்லு.”

சொன்னேன். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கோடையில நின்னுடுமான்னு கேளு.”

“நின்னுடுமாம்,” என்றாள் சித்தி.

அவர் எழுந்து பையை எடுத்தார். “அண்ணி, கோடைக்கு மட்டும் இங்க ஒரு பாய் போட்டுவைங்க.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிவிட்டார்.