ஒற்றைக் கதவுக் கிடங்கு

சென்ற மாதம் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளலாம் என்று முடிதிருத்தும் கடைக்குப் போனேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். கடைக்காரர் கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தெரியும். அடுத்த நொடி, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் நின்றுகொண்டிருந்தேன். "என்ன சார், எதாச்சும் கடிச்சிருச்சா?" என்று அவர் வாசலுக்கு வந்து கேட்டார். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அது அமோனியாவின் நெடி. அதை நான் முதலில் முகர்ந்தது, விருதுநகருக்கு வெளியே, சாத்தூர் சாலையில் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். படித்து முடித்து வேலை தேடி அலுத்துப்போயிருந்த எனக்கு, அதன் முதலாளி சிக்கந்தர் பாய் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருந்தார். பரம்பரையாக வத்தல் வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. கரிசல்காட்டு விவசாயிகள் அறுவடை முடிந்த சூட்டோடு, கிடைத்த விலைக்கு மிளகாய் வத்தலைத் தள்ளிவிட்டுப் போவார்கள். விலை ஏறும்போது அவர்கள் கையில் ஒரு மூட்டையும் இருக்காது. வாங்கிய வியாபாரிக்கும் நிம்மதியில்லை. மழைக்காலம் வருவதற்குள் வத்தல் வெளுத்துப்போகும், பூஞ்சை பிடிக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்கு திரும்பி வரும். குளிரில் வைத்தால் பறித்த சிவப்பு அப்படியே இருக்கும், விவசாயியே வைத்திருந்து நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று பாய் கணக்குப் போட்டார். மற்ற வியாபாரிகள் அவரைக் கேலி செய்தார்கள். "பாய் வத்தலுக்கு ஸ்வெட்டர் போடுறாருப்பா" என்று பஜாரில் பேச்சு.

கேலிக்கு நாங்களும் காரணம். தூத்துக்குடியிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டை, இடம் காலியாக இருக்கிறதே என்று, வத்தல் இருந்த அறையிலேயே அடுக்கிவிட்டோம். மாதிரி வாங்கிப்போன ஏற்றுமதிக்காரர் போன் செய்து, வத்தலா கருவாடா, எதைத் தம்பி அனுப்பியிருக்கீங்க என்று கேட்டார். அன்றிலிருந்து கருவாட்டுக்குத் தனி அறை.

மூட்டை அடுக்கவும் தரம் பிரிக்கவும் ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து பெண்கள் வேனில் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் முன்பு வெடியாபீஸில் வேலை பார்த்தவர்கள். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். அவர்களுக்குத் தலைவி போல இருந்தவர் செல்லத்தாயக்கா. தங்கை வெடிவிபத்தில் செத்த பிறகு, அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று இங்கே வந்தவர். சேர்ந்த அன்று என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, இங்கன தீயின்னு எதுவும் கெடையாதுல்ல?"

"ஐஸ் ரூம்ல ஏதுக்கா தீ?" என்றேன். அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

தீ இல்லைதான். இயந்திர அறை என்று ஒன்று இருந்தது. அதன் குழாய்களுக்குள்தான் அறைகளைக் குளிர வைக்கும் அமோனியா ஓடும். அதை அந்தோணியண்ணன் பார்த்துக்கொண்டார். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பேன். அவருக்கு அது வேடிக்கை. "சூப்பர்வைசரு ஓட்டப்பந்தயத்துக்குப் பழகுதாரு" என்பார்.

ஒரு நாள் முற்பகல். கடைசி அறையில் நானும் செல்லத்தாயக்காவும் இன்னும் சில பெண்களும் மூட்டைகளைப் பிரித்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். குளிருக்குத் தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தோம். வெளியே லாரி டயர் வெடித்ததைப் போல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, நிற்காத ஒரு சீறல். செல்லத்தாயக்காதான் முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். நடைபாதை முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை கண்ணில் பட்ட இடத்தில் மிளகாயை அரைத்துப் பூசியதைப் போல எரிந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. அந்த வெள்ளைக்கு அப்பாலிருந்து அந்தோணியண்ணனின் குரல் கேட்டது.

"வெளிய வராதீக! கதவச் சாத்துங்க! உள்ளயே இருங்க!"

இழுத்துச் சாத்தினேன். அந்த அறைக்கு அது ஒன்றுதான் கதவு. சாத்திய கொஞ்ச நேரத்தில் விளக்கும் அணைந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று இப்போது சொல்லத் தெரிகிறது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டு, குளிர், வெளியே சீறல், அவ்வளவுதான். இருமலும் அழுகையும் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்றே புரியவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை.

"தம்பி, கதவத் தெற" என்றார் செல்லத்தாயக்கா.

"வேணாங்க்கா. வெளிய கேஸு."

"ஏ, தெறடா! எந்தங்கச்சியும் இப்படித்தான் உள்ள கெடந்தா. எல்லாக் கதவுலயும் கூட்டம், அவளால வர முடியல. சத்தம் கேட்டா ஓடணும். நின்னா செத்தோம். தெற!"

வெடியாபீஸில் உடம்புக்குள் இறங்கிய பாடம் அது: சத்தம் கேட்டால் யோசிக்காமல் ஓடு. இங்கே ஓடினால் சாவு. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? அவர் கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தார். நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். பிற்பாடு பெண்கள் இதை என் வீரமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். உண்மையில் கால்கள் மடங்கிவிட்டன, அவ்வளவுதான். அவர் என் தோளில் அடித்தார், சட்டையைப் பிடித்து உலுக்கினார். மற்ற பெண்கள் தடவித் தடவி வந்து காலிச் சாக்குகளைக் கதவிடுக்கில் திணித்தார்கள். கடைசியில் அவர் என் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குளிரிலும் அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. "மாரியாத்தா, மாரியாத்தா" என்று இருக்கன்குடி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சீறல் மெலிந்து நின்றது. அந்த அமைதி இன்னும் மோசமாக இருந்தது. பிறகு கதவில் தடதடவென்று யாரோ தட்டினார்கள். இன்னொரு வெடி என்று நினைத்து அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் அலறித் தரையில் குப்புற விழுந்தார்கள். தட்டியவர்கள் தீயணைப்புக்காரர்கள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. குழாயடியில் அந்தோணியண்ணனை உட்கார வைத்து, அவர் கண்ணில் பாய் தன் கையாலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடியவர் அந்தோணியண்ணன்தான். எங்களைப் பார்த்ததும், "எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவே இல்லை. கடைசிவரை பாய்தான் அவருடைய வைத்தியச் செலவைப் பார்த்துக்கொண்டார்.

செல்லத்தாயக்கா மறுபடி கிடங்குப் பக்கமே வரவில்லை. சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். திரும்பவும் வெடியாபீஸுக்குப் போகிறார் என்று அங்கேதான் தெரிந்தது. "தங்கச்சி போன எடத்துக்கேவாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"அங்கன ரூமுக்கு நாலு பக்கமும் கதவு இருக்கும் தம்பி. ஓடவாச்சும் செய்யலாம்ல."

அதன் பிறகு பல வருடம், சிவகாசிப் பக்கம் விபத்து என்று செய்தி வந்தால் பெயர்களைக் கடைசிவரை படித்த பிறகுதான் சாப்பிடப் போவேன்.

அந்தப் பெயர் வரவில்லை. ஓர் ஆடி வெள்ளியில் இருக்கன்குடி கோயிலில் அவரையே பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. மகளோடு காரியாபட்டியில் இருப்பதாகச் சொன்னார். பழைய கிடங்கை இடித்துவிட்டு வேறொரு கம்பெனி பெரிதாகக் கட்டியிருப்பதைச் சொன்னேன். கசிந்தால் கத்துகிற மணி இருக்கிறது, ஒவ்வோர் அறைக்கும் பின்பக்கம் நேராக வெளியே போக இன்னொரு கதவு இருக்கிறது என்று, என்னவோ நானே கட்டியதைப் போலச் சொன்னேன்.

அவர் கண் விரியக் கேட்டார். "நெசமாவா? அப்ப அங்கன எம்மவளுக்கு ஒரு வேல கேட்டுச் சொல்லேன் தம்பி. அவளும் வெடியாபீஸுக்குத்தான் போறா."

அந்தப் புதுக் கிடங்கில் மூட்டை அடுக்குவது வண்டி, தரம் பிரிப்பது இயந்திரம். பெண்களை ஏற்றிவந்த வேன் நின்றே பல வருடம் ஆகிறது. கேட்டுப் பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.