லண்டனுக்கு ஒரு வெள்ளோட்டம்

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் சத்தியநேசன் கண்ணை மூடிக்கொண்டார். காலருகே பெரிய பெட்டி. லண்டனுக்குக் கொண்டுபோகும் சாமானின் கனத்துக்கு உள்ளே ஆறு செங்கல். இறங்கவேண்டியது பதினோராவது ஸ்டாப், பேரூர்க்கடை. ஆனால் டிக்கெட் வாங்கியது கடைசி ஸ்டாப்புக்கு. இடத்தைச் சொன்னால் கண்டக்டர் கூப்பிட்டு இறக்கிவிட்டுவிடுவார், அப்புறம் பயிற்சி எதற்கு?

மார்த்தாண்டத்துக்காரர். திருவனந்தபுரத்தில் கொத்தனார் வேலை. மனைவி எலிசாள் லண்டனில் நர்ஸ். அடுத்த மாதம் முதன்முறையாக அவளிடம் போகிறார். விமான நிலையத்திலிருந்து பூமிக்கு அடியில் ஓடும் ரயில். பதினோராவது நிறுத்தத்தில் இறங்கினால் பக்கத்தில்தான் வீடு. பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கதவு மூடிவிடும், ஆகவே எண்ணிக்கைதான் கதி. பூமிக்கு அடியில் ஜன்னலில் என்ன தெரியப் போகிறது? கண்ணை மூடிக்கொள்வது அதற்காகத்தான்.

விசா வந்த நாளிலிருந்து மனுஷன் ஓரிடத்தில் நிற்பதில்லை. சாரத்தில் ஏறியபின் கொத்துக்கரண்டிக்காக இறங்குவார். இறங்கியபின் எதற்கு இறங்கினோம் என்று யோசிப்பார். டீ பாதியில் ஆறிப்போகும்.

எல்லாம் எலிசாள் போன தடவை வந்தபோது சொன்ன ஒரு சொல்லால். "பக்கத்துல உள்ள தம்பானூருக்கு போவணும்னாலும் நாலு ஆளுகிட்ட கேக்கிய. அங்க வந்து நம்ம ஒண்ணா இருக்கணும்னா யாருட்ட கேப்பிய?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அது முள்ளாகத் தைத்துவிட்டது. லீவு போட்டு விமான நிலையத்துக்கு வரட்டுமா என்று அவள் போனில் கேட்டபோது, "என்னத்துக்கு? நானே வந்து கதவ தட்டுவேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டார். முதல் நாளே திருதிருவென்று விழித்தால் அவள் அங்கேயும் தான் இங்கேயுமாகவே காலம் போய்விடும் என்ற பயம் அவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை எட்டைத் தாண்டவே இல்லை. அவர் ஏறியது எல்லா இடத்திலும் நிற்காத வண்டி. காற்று குளிர்ந்தது. லண்டன் குளிருக்கும் இது ஒரு பழக்கம்தான் என்று கண் திறவாமலே திருப்திப்பட்டுக்கொண்டார்.

தோளில் யாரோ தட்டினார்கள். கண்டக்டர். "சேட்டா, வித்துரா. வண்டி இனி போகில்லா."

பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினார். பேரூர்க்கடையை எப்போதோ தாண்டி, மலையடிவாரத்துக் கடைசி ஸ்டாப். எதிரே ஒரு போன் பூத். அவமானமும் அழுகையும் ஒன்றாக முட்ட, எலிசாளைக் கூப்பிட்டார்.

"வித்துராவுல நிக்கியேன்."

"அங்க எதுக்கு போனிய?"

"லண்டனுக்குப் பொறப்பட்டதுதான்."

நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. சத்தியநேசன்தான் வீம்பை விட்டுக் கேட்டார்.

"பிள்ளே, நீ ஏர்போர்ட்டுக்கு வருவியா?"

"நான் அண்ணைக்கே லீவு போட்டாச்சு" என்றாள் எலிசாள். "நீங்க ஒருக்கா கேக்கட்டும்னு இருந்தேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தவர் அங்கேயே பெட்டியைத் திறந்தார். ஆறு செங்கல்லையும் எடுத்துப் பூத்தின் சுவரோரம் அடுக்கினார். பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார். ஒரு கல் லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. குனிந்து, அதை விரலால் உள்ளே தள்ளினார்.